எட்டு போல்ட்டும் ஒரு சொட்டு எண்ணெயும்

கிழக்கு வெளுக்கும்போது பெரிய லாஞ்சின் வயிற்றுக்குள் மூன்று பேர் குனிந்து நின்றார்கள். நாலு பேர் செய்ய வேண்டிய வேலை அது. பலகைகளைக் கழற்றிய இடத்தில் உப்புத் தண்ணீரும் பழைய எண்ணெயும் கலந்து கணுக்காலுக்கு மேலே நின்றது. அபூதாஹிர் அதற்குள் முழங்காலை ஊன்றி, தலையை என்ஜினுக்கும் பக்கப் பலகைக்கும் நடுவில் நுழைத்து, கியர்பொக்ஸின் கடைசி நட்டைக் கையால் தடவிக்கொண்டிருந்தான். கண்ணுக்கு எட்டாத இடம். ஆனால் இருபத்துநாலு வருசமாக இரும்போடு பழகின விரலுக்கு அது தெரியும்.

"கழண்டிட்டு. இழுங்க."

மேலே யோசேப் கப்பிச் சங்கிலியை இழுத்தான். அலியார் கடப்பாரையால் நெம்பினான். நாலு நெல்மூட்டைப் பாரமுள்ள இரும்புப் பெட்டி முனகிக்கொண்டு எழும்பியது. பாதி வழியில் சங்கிலி வழுக்கவே, அபூதாஹிர் தோளைக் கொடுத்துத் தாங்கினான். வேறு நாளென்றால் அந்தத் தோளுக்குப் பக்கத்தில் முஹம்மது தம்பியின் தோளும் இருந்திருக்கும். அந்த நினைப்பு வந்ததும் பாரம் இன்னும் கூடினது போலிருந்தது.

அவனுடைய சட்டைப் பைக்குள் மடித்த கடிதம் ஒன்று வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. நேற்றுப் பின்னேரம் இராஜநாயகம் முதலாளி கொடுத்தது. மூன்றே வரி: சின்ன லாஞ்சின் கியர்பொக்ஸைப் பூட்டியவர் முஹம்மது தம்பி, அவர் போல்ட்டுகளைச் சரியாக இறுக்கவில்லை, விபத்துக்கு அவருடைய கவலையீனமே காரணம். கீழே தலைமை மெக்கானிக் அபூதாஹிர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழுந்தால் முஹம்மது தம்பிக்கு வேலை போய்விடும், துறைமுக விசாரணையில் பழியும் அவன் தலையில் ஏறும். விழாவிட்டால் யாருடைய வேலை போகும் என்பதை முதலாளி சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்?

விபத்து நடந்து பதினைந்து நாள். முதலாளிக்கு இரண்டு லாஞ்சுகள். திருகோணமலை இறங்குதுறைக்கும் மூதூருக்கும் நடுவில் கொட்டியாரக் குடாவைக் கடந்து ஆளையும் நெல்லையும் கோழிக்கூடையையும் பள்ளிக்கூட வாத்தியார்மாரையும் பிள்ளைப்பேற்றுக்காரரையும் ஏற்றி இறக்குவது அவைதான். அன்றைக்குச் சின்ன லாஞ்சு நாற்பத்துமூன்று பேரோடு நடுக்குடாவில் போகையில் கியர்பொக்ஸுக்குள் கடகடவென்று சத்தம் கேட்டது. டிரைவர் பக்கீர் பலகையைத் தூக்கிக் குனிந்தான். உள்ளே பெரிய பல்லுச்சக்கரத்தைப் பிடித்திருந்த எட்டு போல்ட்டில் ஒன்று கழன்று பல்லுக்கு நடுவில் விழ, வார்ப்பிரும்புப் பெட்டி வெடித்தது. ஒரு துண்டு பக்கீரின் காலெலும்பை இரண்டாக்கியது. கச்சான் காற்று லாஞ்சை வெளிக்கடல் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. மூதூர் மீன்காரர் வள்ளங்களில் வந்து கயிறு போட்டு இழுத்திராவிட்டால் நாற்பத்துமூன்று வீட்டில் ஒப்பாரி கேட்டிருக்கும்.

அந்தப் பெட்டியின் மூடி விளிம்பில் இரண்டு கோடு இருந்தது. முஹம்மது தம்பியின் குறி அது.

அந்தக் குறியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளைக்காரக் கப்பற்படை இருந்த காலத்தில் டொக்யாட் என்ற கப்பல் பட்டறையில் தொடங்கிய வழக்கம். அங்கே வேலை செய்தவர்களோடு இந்தப் பட்டறைக்கும் வந்து சேர்ந்தது. ஒரு பெட்டியைக் கடைசியாக இறுக்கி மூடுகிறவன், உளியால் மூடி விளிம்பில் தன் குறியைக் கொத்துவான். அபூதாஹிருக்கு மூன்று பொட்டு. யோசேப்புக்குக் கோழிக்கால். அலியாருக்கு வட்டம். இது என் கைவேலை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வந்த வழக்கம்தான். முதலாளியின் கையில் அதுவே ஆளைக் காட்டிக்கொடுக்கிற வழக்கமாகிவிட்டது. இரண்டு கோட்டைப் பார்த்த அன்றைக்கே முஹம்மது தம்பியை வீட்டுக்கு அனுப்பினார்.

இப்போது பெரிய லாஞ்சிலும் நேற்று முதல் அதே கடகடப்பு. அதனால்தான் விடிய முன்னமே இந்தப் பாடு.

பெட்டியைப் பட்டறை மேசையில் ஏற்றி, கழுவி, மூடியைத் திறந்தபோது வெயில் தகரக் கூரைக்கு வந்துவிட்டது. அபூதாஹிர் பெரிய பல்லுச்சக்கரத்தின் முதல் போல்ட்டில் ஸ்பானரை வைக்கப் போனான். எதற்கோ நின்று, விரலால் திருகிப் பார்த்தான். போல்ட் சுற்றியது. அடுத்தது அசையவில்லை. மூன்றாவதும் விரலுக்கே சுற்றியது.

அலியார் மூடியைத் திருப்பி விளிம்பைப் பார்த்தான். கோழிக்கால்.

யோசேப் முகத்தில் இரத்தமே இல்லாமல், அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிடும் அபூதாஹிரிடம் திரும்பினான். "மாதாவே! நான் உயிரைக் குடுத்து இறுக்கினனான், நானா. டோர்க் ஸ்பானர் அளவு வந்து 'டக்' எண்டு சொல்லும் மட்டும் இறுக்கினனான். நீங்க பக்கத்தில நிண்டனீங்கதானே?"

"நிண்டனான்."

"அப்ப என்னெண்டு கழண்டது?"

அபூதாஹிர் மூன்றாவது போல்ட்டை மறுபடி விரலால் சுற்றிப் பார்த்தான். அவன் மனதில் ஒன்று ஓடியது. இறுக்கினவன் இங்கே யோசேப். அங்கே முஹம்மது தம்பி. இரண்டு கை, ஒரே கழறல். அப்படியானால் பிழை இறுக்கின கையில் இல்லை. வேறெங்கே?

அந்த நேரம்தான் ஸ்டோர்ஸ் பார்க்கிற ஐவி மருந்துப் போத்தல்களோடு வந்தாள். மருந்து என்றால் ஆஸ்பத்திரி மருந்தல்ல, போல்ட் மருந்து. புரியில் ஒரு சொட்டு விட்டு இறுக்கினால் உள்ளுக்குள்ளேயே இறுகிப் போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் பசை அது. சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. முன்பெல்லாம் போல்ட்டின் தலைக்குக் கீழே பூட்டுத்தகடு வைத்து, இறுக்கியபின் தகட்டின் காதை மடித்துவிடுவார்கள். காது மடிந்தால் பிறகு போல்ட் எங்கே சுற்றுவது? திறந்த பொருளாதாரம் வந்து கொழும்புக் கடைகளில் கண்டதெல்லாம் வந்திறங்கியபோது இந்த மருந்தும் வந்தது. முதலாளி இரண்டு போத்தல் வாங்கி வந்து, "இனித் தகடு தேவையில்லை" என்றார். தகடு எடுப்பிப்பதை அன்றோடு நிறுத்தினார். சின்ன லாஞ்சினதும் பெரிய லாஞ்சினதும்தான் தகடில்லாமல் மருந்தில் பூட்டப்பட்ட முதல் இரண்டு பெட்டிகள்.

"இது மருந்து வந்த புதுப் பெட்டி, நானா. இதுக்குள்ளயும் தாள் கிடக்குது," என்றாள் ஐவி.

"என்ன தாள்?"

"எப்பிடிப் போடுறதெண்ட தாள். இங்கிலீசில."

"வாசியும் தங்கச்சி."

அவள் மெல்ல வாசித்து மெல்லத் தமிழில் சொன்னாள். திரும்பக் கழற்றவேண்டிய போல்ட்டுக்கு நீலம். உள்ளே நிரந்தரமாய் இருக்கவேண்டியதற்குச் சிவப்பு; அதைச் சூடு காட்டினால்தான் கழற்றலாம். எந்த நிறம் போட்டாலும் பூட்டியபின் இருபத்துநாலு மணித்தியாலம் அசைக்கக் கூடாது. பிறகு ஐவி கொஞ்சம் நிறுத்தி, விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

"புரியில எண்ணெய் ஒரு பொட்டும் இருக்கக் கூடாதாம். எண்ணெய் பட்டா மருந்து பிடிக்காதாம்."

அபூதாஹிரின் கை தானாகவே மேசை மூலைக்குப் போனது. அங்கே அவனுடைய எண்ணெய்க் குப்பி நின்றது. நீண்ட மூக்குள்ள சின்னக் குப்பி.

இந்தத் துறைமுகத்தில் உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் இரும்பு வேலை செய்கிற எவனும் புரிக்கு எண்ணெய் தொடாமல் போல்ட் பூட்டமாட்டான். எண்ணெய் இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் துருப்பிடித்து, அடுத்தமுறை கழற்றும்போது தலை முறிந்துபோகும். எண்ணெய் தொடாதவன் மெக்கானிக்கே இல்லை என்பது இங்கே பிள்ளைக்கும் தெரிந்த கதை. இரண்டு லாஞ்சுக்கும் எட்டு எட்டாகப் பதினாறு போல்ட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அதற்கு மேல் நீல மருந்தும் விட்டு, இறுக்குகிறவனிடம் எடுத்துக் கொடுத்தது அபூதாஹிர்தான். நல்லதைத்தான் செய்கிறோம் என்று செய்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி ஜமாலியாவில் முஹம்மது தம்பி வீட்டுக் கதவடியில் படுத்துக் கிடந்தது. பாவம் இந்த மேசைக்கு முன்னால் நின்றது.

"தங்கச்சி, முதல் மருந்துப் பெட்டி வந்த நேரமும் இந்தத் தாள் வந்ததோ?"

ஐவி தலை குனிந்தாள். "வந்தது நானா. நான் முதலாளியிட்டக் குடுத்தனான். அவர் அலுமாரிக்குள்ள போட்டிட்டார். அவங்களுக்கு இதெல்லாம் வாசிக்கத் தெரியுமோ எண்டு கேட்டுச் சிரிச்சவர். நானும் பேசாம வந்திட்டன்."

அபூதாஹிர் எண்ணெய்க் குப்பியிலிருந்து கையை எடுத்தான். கோபமும் வெட்கமும் ஒன்றாகத்தான் வந்தன. எது முந்தியது என்று அவனாலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஒன்பது மணிக்கு முதலாளி வந்தார். வெள்ளைச் சட்டையில் கறை படாமலிருக்க மேசைக்கு நாலடி தள்ளியே நின்றார். கெட்ட மனிதர் என்று ஊரில் பெயரில்லை. கோயிலுக்கும் கொடுப்பார், பள்ளிவாசல் கந்தூரிக்கும் அரிசி அனுப்புவார். லாஞ்சு ஓடாத நாளில் மட்டும் அவருக்கு மனிதர் முகம் மறந்துபோகும்.

"என்ன, இன்னும் பூட்டேல்லையோ? துறையில சனம் கத்துது. மூன்று மணிக்கு லாஞ்சு மூதூருக்குப் போகவேணும்."

"போல்ட் கழண்டிருக்குது முதலாளி. இதிலயும்," என்றான் அபூதாஹிர்.

"அப்ப நீலம் சரியில்லை. எல்லாத்துக்கும் சிவப்பை ஊத்தும். இரும்பைப் பாறையாக்கும் எண்டு கொழும்பில சொன்னவங்கள்."

"உள்ள எட்டுக்கும் சிவப்பு சரி. அதை ஒருதரும் கடலில கழட்டப் போறதில்லை. வெளி மூடிக்குச் சிவப்பு போடேலாது. நடுக்குடாவில பெயாரிங் போனா டிரைவர் என்னெண்டு திறக்கிறது? சூடு காட்டவேணும். மரலாஞ்சுக்குள்ள டீசல் தாங்கிக்குப் பக்கத்தில நெருப்புப் பிடிக்கச் சொல்லுறீங்களோ?"

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, மூடிக்கு நீலத்தைப் போடும். எதையாவது போட்டு மூன்று மணிக்குத் தண்ணியில விடும்."

"எதைப் போட்டாலும் ஒரு நாள் காயவேணும். போன முறை மூன்று மணித்தியாலத்தில இறக்கினம்."

"ஆர் சொன்னது ஒரு நாளெண்டு?"

"தாளில கிடக்குது."

முதலாளியின் பார்வை ஸ்டோர்ஸ் வாசலுக்குப் போய் ஐவியில் நின்று திரும்பியது. "நீர் எனக்குப் படிப்பிக்க வந்தனீரோ? ரெண்டு லாஞ்சும் கரையில கிடந்தா லைசென்சை வேற ஆளுக்குக் குடுத்திடுவாங்கள். பிறகு உமக்கும் வேலையில்லை, எனக்கும் தொழிலில்லை. போன ஆடியில வேலைநிறுத்தம் எண்டு எழும்பி நிண்ட அரசாங்க ஆக்கள் இண்டைக்கு எங்க? அரசாங்கக் கச்சேரி வாசலில கடலை விக்கிறாங்கள். அரசாங்கமே ஒருத்தரையும் திருப்பி எடுக்கேல்லை, நான் எடுப்பனோ?"

அந்த ஆடியில் போனவர்களில் யோசேப்பின் மச்சானும் ஒருவன்.

"கடிதம் எங்க?"

"பைக்குள்ள."

"மூன்று மணிக்குக் கையெழுத்தோட தாரும். இந்த மூடியில கோழிக்கால் கிடக்குது. அதையும் பிறகு பாப்பம்." சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கடைசிச் சொல் யோசேப்புக்காக விட்டுப்போனது.

அவருடைய கார்ச் சத்தம் அடங்கியது. அலியார் அடுப்பில் கேத்தலை வைத்தான். வெறுந்தேத்தண்ணீர் வந்தது, ஆளுக்கொரு றொட்டித் துண்டு வந்தது. அபூதாஹிர் றொட்டியைக் கையிலேயே வைத்திருந்தான்.

பேசாமல் இருந்தால் என்ன? தாளைப் பற்றி ஐவிக்குத் தெரியும். ஆனால் எண்ணெய்க் குப்பியைப் பற்றி யாருக்குத் தெரியும்? யோசேப்பும் முஹம்மது தம்பியும் கைக்கு வந்த போல்ட்டை இறுக்கினார்கள், அவ்வளவுதான். கிண்ணியாவில் மனைவி ஸல்ஹாவும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். மூத்தவள் றம்ஸியா இந்த வருசம் பத்தாம் வகுப்பு. பொய் சொல்லத் தேவையில்லை, சும்மா இருந்தாலே போதும். இப்படி நினைத்தவன் தன்னை நினைத்தே அருவருத்தான். போன வெள்ளிக்கிழமை ஜமாலியாப் பள்ளிவாசலில் முஹம்மது தம்பி பின் வரிசையில் தனியாக நின்று தொழுததை அவன் கண்டிருந்தான். சலாம் சொன்னபோது, அண்ணனிடம் சொல்வது போல, "காக்கா, நான் இறுக்கினனான்" என்றுதான் அவன் பதில் சொன்னான்.

"யோசேப்பு," என்றான் அபூதாஹிர். "போல்ட்டைக் கழட்டினது என்ட கை."

சொல்லி முடிக்கும்வரை அவன் நிமிரவில்லை. மண்ணெண்ணெய், எண்ணெய், மருந்து, பதினாறு போல்ட், எல்லாவற்றையும் சொன்னான்.

யோசேப் தேத்தண்ணீர்க் கோப்பையை மேசையில் அடித்து வைத்தான். "பதினைஞ்சு நாள், நானா! பதினைஞ்சு நாளா அவன் வெளியில தலைகாட்ட ஏலாமக் கிடக்கிறான். இண்டைக்கு முதலாளி என்னையும் சேத்துப் பாக்கிறார்!"

"எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். அல்லாஹ்வுக்காக நம்பு."

"நம்புறன். அதுக்காக வயிறெரியாம இருக்குமோ?"

அலியார் இரகசியம் போல மெதுவாகச் சொன்னான்: "நானா, எண்ணெய்க் கதையை விடுங்க. தாளை ஒளிச்சது முதலாளி. மூன்று மணித்தியாலத்தில தண்ணியில விட்டதும் முதலாளி. அதை மட்டும் சொல்லுவம்."

"அரைவாசி சொன்னா அது பொய்தான், அலியார். விசாரணையில போல்ட்டைத் தொட்டுப் பாப்பாங்கள். எண்ணெய் தெரியும். அப்ப நாங்க சொன்ன மிச்சத்தையும் ஒருதரும் நம்பமாட்டாங்கள். நான் என்ட பிழையைச் சொல்லிப் போட்டுப் போறன். தம்பி திரும்ப வரட்டும்."

யோசேப் சிரித்தான். நல்ல சிரிப்பல்ல. "நீங்க போனா அவனை எடுப்பாரெண்டோ? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை அவருக்கு. ரெண்டு பேரையும் அனுப்பிப்போட்டு, தாளை அலுமாரியில பூட்டி வைச்சிருப்பார். அடுத்த கிழமை என்ட கோழிக்கால். அதுக்கடுத்தது இவன்ட வட்டம். ஒவ்வொருத்தனாக் கழட்டுறதுக்குத்தானே அவருக்குக் குறி?"

பிறகு அலியார் எழும்பிச் சைக்கிளை எடுத்தான். "தம்பி நானாவைக் கூட்டிக்கொண்டு வாறன்," என்றான். யாரும் அவனிடம் கேட்கவில்லை.

முஹம்மது தம்பி வந்தபோது பதினொரு மணி. முகம் மழிக்காமல், சட்டை கசங்கி, பதினைந்து நாளில் பத்து வயது கூடினவனைப் போல வந்து வாசலிலேயே நின்றான். அபூதாஹிர் அவனுக்கு நேரே போய், மற்றவர்களுக்குச் சொன்னதை மறுபடி சொன்னான். இந்தமுறை நிமிர்ந்து பார்த்துத்தான் சொன்னான்.

முஹம்மது தம்பி தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தான். "ரபீக்கா என்னைக் கேட்டவள்," என்றான். "கட்டின பெண்சாதி. மெய்யா இறுக்கினீங்களோ எண்டு கேட்டவள். எனக்கே சந்தேகம் வந்திட்டுது, காக்கா. ராவில எழும்பி, இறுக்கினனானோ இல்லையோ எண்டு கையைப் பாப்பன்."

"மன்னிச்சுக்கொள்."

"அது பிறகு." அவன் உள்ளே வந்து எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தான். "நீங்க விட மறந்திருந்தா நான் விட்டிருப்பன். அதுதான் எனக்கு இன்னும் கோவம்." குப்பியை மேசைக்குக் கீழே தள்ளி வைத்தான். அபூதாஹிரின் முகத்தை அவன் பார்க்கவேயில்லை.

அதற்குப் பிறகு கதை இல்லை, வேலைதான். எட்டு போல்ட்டின் புரியிலும் ஒட்டியிருந்த பழைய பசையைக் கம்பித் தூரிகையால் சுரண்டினார்கள். சக்கரத்தின் துளைகளையும் சுரண்டினார்கள். மண்ணெண்ணெயால் கழுவினால் அதிலேயே எண்ணெய் நிற்கும், எண்ணெயை அறுக்கும் தின்னர் வேண்டும். தின்னர் முதலாளி கையெழுத்திட்ட துண்டு இல்லாமல் ஸ்டோர்ஸை விட்டு வெளியே வராது. ஐவி திறப்பை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். தகர டின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"துண்டு?" என்றான் யோசேப்.

"நானும் ஒருக்கா வாயை மூடிக்கொண்டு இருந்தனான். அது போதும்," என்றாள்.

தின்னரில் கழுவிய போல்ட்டுகளை வெள்ளைத் துணியில் பரப்பி வெயிலில் வைத்தார்கள். விரல் படக்கூடாது, விரலிலும் எண்ணெய் இருக்கும். துணியால் பிடித்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டுச் சிவப்பு. முஹம்மது தம்பி இறுக்கினான்: ஒன்று, அதற்கு எதிரே ஒன்று, பிறகு பக்கத்தில். டோர்க் ஸ்பானர் எட்டுத் தரம் 'டக்' என்றது. எட்டுத் தரமும் அவன் கண்ணை மூடித் திறந்தான். வெளி மூடிக்கு நீலம். கடைசிப் போல்ட் இறுகியபோது இரண்டரை மணி.

முஹம்மது தம்பி உளியையும் சுத்தியலையும் எடுத்தான். எடுத்தவன், கொத்தாமல் நின்றான்.

"கொத்து," என்றான் யோசேப். "உன்ட ரெண்டு கோடு. பக்கத்தில என்ட கோழிக்கால்."

இரண்டு கோடு விழுந்தது. பழைய கோழிக்காலின் மேலேயே புதுக் கோழிக்கால் விழுந்தது. வட்டம் விழுந்தது. அபூதாஹிர் மூன்று பொட்டுக் கொத்தினான். ஐவி சுத்தியலை வாங்கினாள். அவளுக்குக் குறி ஏது? உளியைச் சரித்துப் பிடித்து ஒரே ஒரு பொட்டு வைத்தாள். அது கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது.

பிறகு அபூதாஹிர் பைக்குள் இருந்த கடிதத்தை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினான். அவன் சொல்லச் சொல்ல, கீழே காபன் தாளும் வெறுந்தாளும் வைத்து ஐவி எழுதினாள். புரியில் எண்ணெய் விட்டது அபூதாஹிர். எண்ணெய் விடக் கூடாதென்று சொன்ன தாள் முதலாளியின் அலுமாரியில் இருந்தது. பூட்டுத்தகட்டை நிறுத்தினது முதலாளி. ஒரு நாள் காயவேண்டியதை மூன்று மணித்தியாலத்தில் இறக்கச் சொன்னதும் முதலாளி. முஹம்மது தம்பி சரியாக இறுக்கினார். கீழே ஐந்து கையெழுத்து.

மூன்று மணிக்கு முதலாளி வந்தார். இந்தமுறை சட்டையைப் பற்றி யோசியாமல் மேசைக்குக் கிட்டவே வந்தார்.

"இன்னும் ஏன் மேசையில கிடக்குது? இவனை ஆர் உள்ள விட்டது?"

"நாளைக்கு ரெண்டரைக்குத்தான் பெட்டி இறங்கும், முதலாளி," என்றான் அபூதாஹிர். "கையெழுத்துக் கேட்டீங்க. இந்தாங்க."

முதலாளி முன்பக்கத்தைப் பார்த்தார், பின்பக்கத்தை வாசித்தார். அவருடைய காது சிவந்தது. தாளை நாலாகக் கிழித்தார்.

"காபன் பிரதி இருக்குது சேர்," என்றாள் ஐவி. "விசாரணைக்குக் குடுக்க."

அவர் அவளைப் பார்க்காமல் மூடி விளிம்பைத் தடவினார். தேடின இடத்தில் ஒரு குறி இல்லை, ஐந்து இருந்தது. விரல் ஒவ்வொன்றாக ஊர்ந்து கோணல் பொட்டில் நின்றது.

"இது ஆற்ற?"

"என்ட," என்றாள் ஐவி.

"ஆர் பூட்டினது எண்டு கேக்கிறன்!"

"நாங்க," என்றான் யோசேப்.

"நாளைக்கு ஒருதரும் இந்தக் கேற்றுக்குள்ள வரத் தேவையில்லை. பெட்டி இறக்க எனக்கு வேற ஆள் கிடைக்கும்."

"நாளைக்கு வரமாட்டம்," என்றான் முஹம்மது தம்பி. பட்டறைக்குள் அன்றைக்கு அவன் முதல்முதலாகக் குரலை உயர்த்தினான். "இண்டைக்குப் போனாத்தானே நாளைக்கு வர? இது காயும் மட்டும் இஞ்சதான் இருப்பம்."

முதலாளி விசுக்கென்று திரும்பி அலுவலகத்துக்குள் போனார். டெலிபோன் சுழற்றுகிற சத்தம் கேட்டது. பொலிசுக்கோ, வேறு மெக்கானிக்குக்கோ, யாருக்குத் தெரியும்.

நாலு மணிக்குப் பட்டறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் சாப்பாட்டுக் கூடை. பக்கீரின் மனைவி ஸாலிஹா. மூதூர்ப் பக்கம் கட்டைபறிச்சானிலிருந்து காலை வள்ளத்தில் வந்து, ஆஸ்பத்திரியில் புருசனைப் பார்த்துவிட்டு, மூன்று மணி லாஞ்சுக்குக் காத்துக் கிடந்தவள். துறையிலே நின்ற சனம் அவளைக் கேட்டுவர அனுப்பியிருந்தது.

"லாஞ்சு எப்ப போகும்?"

அபூதாஹிர் எழுந்து நின்றான். "அதுக்கு முதல் ஒண்டு சொல்லவேணும், தங்கச்சி. பக்கீரின்ட காலை முறிச்ச போல்ட்டில எண்ணெய் விட்டது என்ட கை. தெரியாமச் செய்தனான். இந்தத் தம்பியில பிழையில்லை."

முழுவதையும் சொன்னான். ஸாலிஹா கூடையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. அவளுடைய கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவும் இல்லை.

"அவருக்கு இனிக் கால் நேரா வராதாம்," என்றாள். "டொக்டர் இண்டைக்குத்தான் சொன்னவர்."

அவள் கிட்டே வந்து, பெட்டியைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"இது இப்ப காயாமப் போனா, இதுவும் உடையுமோ?"

"உடையலாம்."

"எப்ப காயும்?"

"நாளைக்கு ரெண்டரைக்கு. ஆனா அதுக்குள்ள எங்களை வெளியேத்தினாலும் வெளியேத்துவாங்கள்."

ஸாலிஹா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்ப நான் ரெண்டரைக்குப் போறன்," என்று சொல்லிவிட்டு, கூடையோடு துறைப்பக்கம் நடந்தாள். அங்கே அவள் கையைக் காட்டிக் காட்டிச் சனத்துக்குச் சொல்வது பட்டறையிலிருந்து தெரிந்தது. சொல் கேட்கவில்லை. சிலர் ஏசிக்கொண்டு வள்ளம் தேடிப் போனார்கள். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கூடைகளையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு பட்டறையை நோக்கி நடந்து வந்தார்கள். கேற்றடி நிழலில் இறக்கி வைத்து அவற்றின் மேலே உட்கார்ந்தார்கள்.

அலுவலகக் கதவு திறந்தது. முதலாளி வாசலில் நின்று கேற்றைப் பார்த்தார். பிறகு கதவு மூடியது.

மேசைக்குப் பக்கத்தில் கிடந்த நீள மரவாங்கில் முஹம்மது தம்பி உட்கார்ந்திருந்தான். அபூதாஹிரை இன்னும் அவன் பார்க்கவில்லை. பார்க்காமலே, கொஞ்சம் தள்ளி இருந்து, பக்கத்தில் இடம் விட்டான்.